விண்டோஸ் 11 போட்டாச்சு, அப்புறம்? அறிகுறியைப் பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

விண்டோஸ் 11-ஐப் போட்டு முடித்ததும் முதலில் கண்ணில் படுவது அழகுதான். வளைந்த மூலைகள், நடுவில் வந்து உட்கார்ந்துகொண்ட ஸ்டார்ட் பட்டன், பழைய கன்ட்ரோல் பேனலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஓரங்கட்டும் செட்டிங்ஸ். அதை ரசித்து முடிப்பதற்குள் வைஃபை இல்லை, சத்தம் வரவில்லை, டெஸ்க்டாப்பில் இருந்த கோப்பைக் காணோம் என்று ஒவ்வொன்றாகக் கிளம்பும். உடனே கை பரபரக்கும்: "ஃபார்மேட் அடிச்சு திரும்பப் போட்டுடலாம்." வேண்டாம். டிரைவர் (கணினியின் ஒவ்வொரு பாகத்தையும் இயக்க விண்டோஸுக்குத் தேவைப்படும் சின்ன மென்பொருள்) இல்லாததால் வந்த கோளாறு, எத்தனை முறை போட்டாலும் அதே டிரைவர் இல்லாமல் அதே இடத்தில் வந்து நிற்கும், நடுவில் உங்கள் கோப்புகள் போனதுதான் மிச்சமாக இருக்கும். எந்தக் கட்டத்தில் மாட்டிக்கொண்டது என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். கீழே அந்த வரிசையில்தான் எழுதியிருக்கிறேன். உங்கள் அறிகுறி எதுவோ அதற்கு நேராகப் போய்விடலாம், ஆனால் பயோஸில் (விண்டோஸுக்கு முன்பே வரும் கணினியின் அடிப்படை அமைப்புத் திரை) கை வைக்கப் போகிறவர்கள், வட்டைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் பற்றிய பகுதியை ("நீலத்திரையில் 48 இலக்க எண் கேட்கிறது") மட்டும் முதலில் படித்துவிடுங்கள்.

2024 அக்டோபரில் வந்த 24எச்2 பதிப்பை மனதில் வைத்து எழுதுவது இது. 2025 செப்டம்பர் இறுதியில் வந்த 25எச்2-வுக்கும் அதே அடித்தளம்தான், ஏற்கெனவே 24எச்2 வைத்திருப்பவர்களுக்கு அது ஒரு சின்னத் தொகுப்பும் ஒரு ரீஸ்டார்ட்டும், அவ்வளவே.

"இந்தக் கணினியில் ஓடாது" என்கிறது

குறைந்தபட்சத் தேவை என்று மைக்ரோசாஃப்ட் சொல்வது 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம், யூஇஎஃப்ஐ (பழைய பயோஸின் புதிய வடிவம்), செக்யூர் பூட் வசதி (நம்பகமான மென்பொருளை மட்டும் பூட் ஆக விடுவது), டிபிஎம் 2.0 (சாவிகளைப் பத்திரமாக வைக்கும் பாதுகாப்பு வசதி), அப்புறம் அவர்கள் பட்டியலில் இருக்கும் ப்ராசஸர் (பெரும்பாலும் இன்டெலில் 8-ஆம் தலைமுறையிலிருந்து). இதில் ராமும் இடமும் யாரையும் அதிகம் மடக்குவதில்லை, மடக்குவது டிபிஎம்தான். வேடிக்கை என்னவென்றால் பல கணினிகளில் டிபிஎம் உள்ளேயே இருக்கும், பயோஸில் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். அங்கே போய் "டிபிஎம்" என்ற பெயரில் தேடினால் கிடைக்காமலும் போகலாம், ஏனென்றால் இன்டெல் பலகைகளில் அதற்குப் பிடிடி என்று பெயர், ஏஎம்டியில் எஃப்டிபிஎம். அதை இயக்கிச் சேமித்துவிட்டு வந்தால் பல பேருக்கு வேலை முடிந்தது.

யூஇஎஃப்ஐ பிரச்சினை கொஞ்சம் வேறு. பழைய லெகஸி முறையில் போடப்பட்ட விண்டோஸ் இருக்கும் வட்டு எம்பிஆர் என்ற பழைய பார்ட்டிஷன் அமைப்பில் இருக்கும், நீங்கள் பயோஸில் மட்டும் யூஇஎஃப்ஐ-க்கு மாற்றிவிட்டால் கணினி பூட் ஆகாது. பதற்றப்பட ஒன்றுமில்லை, திரும்ப லெகஸிக்கு மாற்றினால் பழையபடி வரும். முறையாகச் செய்ய வேண்டுமென்றால் விண்டோஸோடு கூடவே வரும் எம்பிஆர்2ஜிபிடி கருவியால் முதலில் வட்டை ஜிபிடி என்ற புதிய அமைப்புக்கு மாற்றிவிட்டு அப்புறம்தான் பயோஸில் கை வைக்க வேண்டும். கோப்புகளை அழிக்காமல் மாற்றும் கருவிதான் அது, இருந்தாலும் பேக்கப் எடுக்காமல் அதைத் தொடாதீர்கள்.

தேவைகளை ஏய்த்துப் போடும் வழிகள் இணையத்தில் ஏகப்பட்டது உண்டு. சிலவற்றில் வேலை ஆகும். ஆனால் 24எச்2-விலிருந்து ப்ராசஸரில் எஸ்எஸ்இ 4.2 கட்டளைகள் இல்லாவிட்டால் எந்தத் தந்திரமும் எடுபடாது. கோர் 2 டுவோ காலத்துக் கணினி என்றால் அதை விட்டுவிடுங்கள், அதில் பூட்டே ஆகாது.

பாதி வரை போய்த் திரும்பி வந்துவிடுகிறது

அப்கிரேடு செய்யும்போது ஏதோ ஒரு சதவீதத்தில் அசையாமல் நிற்பது ஒரு வகை, மொத்தமாக ஓடி முடித்துவிட்டு "பழைய விண்டோஸுக்கே திரும்புகிறோம்" என்று வந்து நிற்பது இன்னொரு வகை. முதல் வகையில் நீங்கள் செய்ய வேண்டியது காத்திருப்பது. வட்டின் விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும் வரை உள்ளே வேலை நடக்கிறது, பழைய ஹார்ட் டிஸ்க்காக இருந்தால் ஒரே எண்ணில் மணிக்கணக்கில்கூட நிற்கும். பொறுமை போய்ப் பவர் பட்டனை அழுத்துவதுதான் சாதாரண தாமதத்தை நிஜமான கோளாறாக மாற்றுகிறது.

இரண்டாவது வகையில் ஒரு பிழை எண் வரும், அதை ஃபோனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சி1900101 என்று அந்த எண்ணில் இருந்தால் ஏதோ ஒரு டிரைவர் முரண்டு பிடிக்கிறது. கீபோர்டு, மவுஸ் தவிர யூஎஸ்பியில் சொருகியிருக்கும் எல்லாவற்றையும் பிடுங்குங்கள், வெளி நிறுவனத்தின் ஆன்டிவைரஸ் இருந்தால் தற்காலிகமாக அணைப்பது போதாது, முழுதாக நீக்குங்கள், அப்புறம் கிராஃபிக்ஸ், சேமிப்பக டிரைவர்களைப் புதுப்பித்துவிட்டுத் திரும்ப முயலுங்கள். 80070070 என்று முடிந்தால் இடம் இல்லை, சி டிரைவில் குறைந்தது 20 ஜிபிக்கு மேல் காலி செய்யுங்கள். சி1900208 என்றால் ஏதோ ஒரு பழைய மென்பொருள் ஒத்துவரவில்லை. எது என்று தெரியாமல் ஒவ்வொன்றாக நீக்கிப் பார்ப்பதற்குப் பதில் செட்அப்டயாக் என்ற கருவியை ஓட்டினால், தோல்விக்கான பதிவுகளைப் படித்துக் காரணத்தை ஓரளவு நேராகவே சொல்லிவிடும். இதைப் பற்றி ஏன் யாருமே பேசுவதில்லை என்று எனக்கு ஆச்சரியம்தான்.

வட்டையே காட்டவில்லை

பென்டிரைவிலிருந்து பூட் செய்து புதிதாகப் போடும்போது "எங்கே போடுவது" என்று கேட்கும் திரை காலியாக இருக்கும். எஸ்எஸ்டி செத்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். இன்டெலின் 11-ஆம் தலைமுறையிலிருந்து வந்த பல லேப்டாப்களில் வட்டுகளை நிர்வகிக்கும் விஎம்டி என்ற ஏற்பாடு இயக்கத்தில் இருக்கும், அதற்கான டிரைவர் இல்லாமல் விண்டோஸ் செட்அப்பின் கண்ணுக்கு என்விஎம்இ வகை எஸ்எஸ்டி தெரியாது. லேப்டாப் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து விஎம்டிக்கான இன்டெல் ஆர்எஸ்டி டிரைவரை வேறொரு கணினியில் இறக்கி, பென்டிரைவில் போட்டு, அதே திரையில் இருக்கும் "லோட் டிரைவர்" மூலம் காட்டினால் வட்டு சட்டென்று பட்டியலில் வந்துவிடும். ஒரு விஷயம்: இறக்கியது இன்ஸ்டாலர் வடிவில் ஒற்றைக் கோப்பாக இருந்தால் செட்அப்புக்கு அது புரியாது. அதைப் பிரித்து, உள்ளே ஐஎன்எஃப் கோப்புகள் இருக்கும் ஃபோல்டரைத்தான் காட்ட வேண்டும். "டிரைவரைப் போட்டேன், ஆனாலும் தெரியவில்லை" என்பவர்களில் பெரும்பாலோர் மாட்டுவது இங்கேதான்.

பயோஸிலேயே விஎம்டியை அணைத்துவிடலாமா என்று கேட்பார்கள். முழுதாக அழித்துப் புதிதாகப் போடுகிறீர்கள் என்றால் அணைக்கலாம். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸ் இருக்கும்போது அணைத்தால் நீலத்திரைதான் வரும்.

இதே திரையில் வட்டு தெரிந்தும் "எம்பிஆர் அமைப்பில் இருக்கிறது, போட முடியாது" என்று சொன்னால், பென்டிரைவை நீங்கள் யூஇஎஃப்ஐ முறையில் பூட் செய்திருக்கிறீர்கள், வட்டு பழைய முறையில் இருக்கிறது என்று அர்த்தம். வட்டில் உள்ளது எதுவும் தேவையில்லை என்றால் அதன் பார்ட்டிஷன்கள் எல்லாவற்றையும் அழித்து, காலி இடத்தைத் தேர்ந்தெடுத்துத் தொடருங்கள். அப்படியும் அடம் பிடித்தால் ஷிஃப்ட் + எஃப்10 அழுத்தி, வரும் கட்டளைத் திரையில் டிஸ்க்பார்ட் என்ற கருவியால் வட்டை மொத்தமாகத் துடைக்க வேண்டியிருக்கும். இரண்டு வட்டு இருக்கும் கணினியில் இதைச் செய்கிறீர்கள் என்றால், மற்ற வட்டின் கேபிளைக் கழற்றி வைத்துவிட்டுச் செய்யுங்கள். டிஸ்க்பார்ட் "நிச்சயமா?" என்று ஒரு வார்த்தை கேட்காது.

எல்லாம் காப்பி ஆகி முடிந்து, ரீஸ்டார்ட் ஆனதும் மறுபடி முதல் திரையே வருகிறதா? பென்டிரைவைப் பிடுங்குங்கள். அவ்வளவுதான்.

இணையம் கேட்கிறது, வைஃபை இல்லை

முதல்முறை அமைக்கும் திரைகளில் மொழி, நாடு எல்லாம் கேட்டுவிட்டு நெட்வொர்க் கேட்கும். வைஃபை பட்டியல் காலியாக இருக்கும், அதைத் தாண்டிப் போகும் பட்டனும் இருக்காது. இதிலிருந்து நழுவிப் போகப் பழைய குறுக்குவழிகள் சில இருந்தன, மைக்ரோசாஃப்ட் ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டு வருகிறது. எனவே அதை நம்பி நேரத்தை வீணாக்க வேண்டாம். லேன் கேபிள் இருந்தால் சொருகுங்கள். இல்லையென்றால் ஆண்ட்ராய்டு ஃபோனை யூஎஸ்பி கேபிளில் இணைத்து, ஃபோனில் யூஎஸ்பி டெதரிங்கை (ஃபோனின் இணையத்தைக் கணினிக்குத் தருவது) இயக்குங்கள். இதற்குத் தனி டிரைவர் பெரும்பாலும் தேவைப்படாது, கணினி அதைக் கேபிள் இணைப்பாகவே எடுத்துக்கொள்ளும். உள்ளே போனதும் விண்டோஸ் அப்டேட்டை ஓட விட்டால் வைஃபை டிரைவர் பல நேரம் தானாகவே வந்துவிடும். வராவிட்டால் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணத்தோடு நிற்கும் பெயரைப் பார்த்து, தயாரிப்பாளரின் தளத்தில் உங்கள் மாடலுக்கு உரிய டிரைவரை எடுங்கள். "எல்லா டிரைவரையும் ஒரே கிளிக்கில் போடும்" மென்பொருள்கள் பக்கம் மட்டும் போகாதீர்கள், அது இருக்கிற தொல்லையோடு விளம்பரத் தொல்லையையும் கொண்டுவந்து சேர்க்கும்.

நீலத்திரையில் 48 இலக்க எண் கேட்கிறது

பயோஸில் கை வைக்கப் போகிறவர்களை முதலில் படிக்கச் சொன்ன பகுதி இதுதான். பயோஸ் அப்டேட் செய்திருப்பீர்கள், அல்லது டிபிஎம், செக்யூர் பூட்டை மாற்றியிருப்பீர்கள், அடுத்த முறை இயக்கும்போது பிட்லாக்கர் ரெக்கவரி கீ கேட்டுத் திரை நிற்கும். "நான் பிட்லாக்கரே போடவில்லையே" என்று தோன்றும், உண்மைதான், நீங்கள் போடவில்லை. 24எச்2-வைப் புதிதாகப் போட்டு மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்தால், தகுதியுள்ள கணினிகளில் பிட்லாக்கரின் எளிய வடிவமான டிவைஸ் என்கிரிப்ஷன் தானாகவே இயங்கிவிடுகிறது. ஹோம் பதிப்பிலும்தான்.

சாவி அந்தக் கணக்கிலேயே சேமிக்கப்பட்டிருக்கும். ஃபோனிலிருந்து மைக்ரோசாஃப்ட் கணக்கின் பக்கத்தில் நுழைந்து, உங்கள் சாதனங்களின் கீழ் ரெக்கவரி கீ பட்டியலைத் திறங்கள். அங்கே ஒன்றுக்கு மேல் இருந்தால் குழப்பம் வரும், பழைய விண்டோஸின் சாவியும் அதே கணினிப் பெயரில் கிடக்கலாம். நீலத்திரையில் எண் கேட்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு கீ ஐடி இருக்கும் பாருங்கள், அதன் முதல் எட்டு எழுத்துகளும் பட்டியலில் எதோடு பொருந்துகிறதோ அந்த வரியில் உள்ள 48 இலக்கத்தைத்தான் அடிக்க வேண்டும். ஆறு ஆறு இலக்கமாகப் பிரித்திருக்கும், ஒருவர் வாசிக்க ஒருவர் அடித்தால் சுலபம். அலுவலகக் கணினி என்றால் சாவி ஐடி பிரிவில் இருப்பவர்களிடம் இருக்கும்.

எங்கேயும் சாவி இல்லையென்றால், வருத்தமான பதில்தான்: அந்த வட்டில் உள்ளதை மைக்ரோசாஃப்டாலும் திறந்து தர முடியாது. அதனால் எல்லாம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, டிவைஸ் என்கிரிப்ஷன் என்று போய் இயங்குகிறதா என்று பாருங்கள். இயங்கினால் சாவியைத் தாளில் எழுதியோ அச்சடித்தோ வையுங்கள், அதே கணினியில் டெக்ஸ்ட் கோப்பாகச் சேமிப்பது எதற்கும் உதவாது. பயோஸைத் தொடுவதற்கு முன் பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்திவிட்டுச் செய்தால் இந்தத் திரையே வராது. லேப்டாப் தொலைந்தால் உள்ளே இருப்பது யார் கையிலும் சிக்காது என்ற வகையில் இந்த ஏற்பாடு நல்லதுதான், ஆனால் "இயக்கிவிட்டோம், சாவி இங்கே இருக்கிறது" என்று உரக்கச் சொல்லிவிட்டுச் செய்திருக்கலாம்.

எழுத்தெல்லாம் பெரிசாக, மங்கலாக. பிரைட்னஸ் குறையவே இல்லை

டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே அடாப்டர்ஸ் என்பதை விரியுங்கள். அங்கே "மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்" என்று இருந்தால் கிராஃபிக்ஸ் டிரைவர் வரவில்லை, ஒப்புக்கு ஒன்றை வைத்துப் படம் காட்டிக்கொண்டிருக்கிறது. இன்டெல், ஏஎம்டி, என்விடியா எதுவோ அந்த டிரைவரைப் போட்டால் ரெசல்யூஷன், பிரைட்னஸ், இரண்டாவது மானிட்டர் மூன்றும் ஒன்றாகச் சரியாகும். டிரைவர் சரியாக இருந்தும் திரை திடீரென்று உறைந்தாலோ கறுத்துப் போனாலோ விண்டோஸ் கீ, கன்ட்ரோல், ஷிஃப்ட் மூன்றையும் பிடித்துக்கொண்டு பி அழுத்துங்கள், கிராஃபிக்ஸ் டிரைவர் மட்டும் ரீஸ்டார்ட் ஆகும், திறந்திருக்கும் வேலை போகாது.

சத்தம் வராததற்கு இவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை. எச்டிஎம்ஐயில் இணைத்த மானிட்டருக்குச் சத்தத்தை அனுப்பிக்கொண்டிருக்கும், அந்த மானிட்டரில் ஸ்பீக்கரே இருக்காது. ஒலிக் குறியின் பக்கத்தில் உள்ள அம்புக்குறியை அழுத்தி வெளியீட்டை மாற்றுங்கள்.

டெஸ்க்டாப்பில் இருந்த கோப்புகளைக் காணோம்

இரண்டு காரணம் உண்டு. ஒன்று, ஒன்டிரைவ். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அமைக்கும்போது டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் மூன்றையும் அது தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டிருக்கலாம். அப்போது கோப்புகள் உங்கள் யூசர் ஃபோல்டருக்குள் ஒன்டிரைவ் என்ற ஃபோல்டரின் உள்ளே இன்னொரு டெஸ்க்டாப் ஃபோல்டரில் இருக்கும். தொலையவில்லை, இடம் மாறியிருக்கிறது. இலவசக் கணக்கில் 5 ஜிபிதான், அது நிறைந்ததும் "இடமில்லை" என்று நச்சரிக்க ஆரம்பிக்கும். இது வேண்டாம் என்றால் ஒன்டிரைவின் செட்டிங்ஸில் ஃபோல்டர் பேக்கப்பை நிறுத்துங்கள், ஆனால் நிறுத்திய கையோடு டெஸ்க்டாப் காலியாகத் தெரிந்தால் அலற வேண்டாம், ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் போய் எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் ஒன்டிரைவிலிருந்து எதையும் அழிக்காதீர்கள்.

இன்னொரு காரணம், அப்கிரேடு என்று நினைத்துப் புதிதாகப் போட்டிருப்பீர்கள். பார்ட்டிஷனை ஃபார்மேட் செய்யாமல் அதன் மேலேயே போட்டிருந்தால் சி டிரைவில் விண்டோஸ்.ஓல்டு என்ற ஃபோல்டர் இருக்கும், அதற்குள் யூசர்ஸ், அதற்குள் உங்கள் பெயர். எல்லாம் அங்கே பத்திரமாக இருக்கும், ஆனால் அது தானாக அழிந்துபோகும் ஃபோல்டர், எனவே இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

ஃபேன் சுற்றிக்கொண்டே இருக்கிறது, எல்லாம் மந்தம்

போட்ட அன்று இது சகஜம். தேடலுக்காகக் கோப்புகளை அட்டவணைப்படுத்துவது, விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டரின் முதல் சோதனை, அப்டேட், ஒன்டிரைவ் என நாலும் ஒரே நேரத்தில் ஓடும். சார்ஜரில் போட்டு, தூங்கப் போகாதபடி வைத்து, ஒரு இரவு விட்டுவிடுங்கள். மறுநாளும் அப்படியே இருந்தால் டாஸ்க் மேனேஜரைத் திறந்து எது முதலிடத்தில் இருக்கிறது என்று பார்க்கலாம். முதல் நாளிலேயே "வேகமாக்கும்" ஸ்கிரிப்டுகளை ஓட்டி பாதி சர்வீஸை அணைத்துவிட்டு, அப்புறம் பிரின்டர் ஏன் வரவில்லை என்று தேடுவது வேண்டாத வேலை.

நெட்வொர்க்கில் இருக்கும் வட்டு திறக்கவில்லை

நேற்று வரை திறந்த என்ஏஎஸ் (வீட்டு நெட்வொர்க்கில் இணைத்த சேமிப்புப் பெட்டி) இன்று திறக்காது, மற்ற கணினிகளில் திறக்கும். 24எச்2-வில் புரோ போன்ற பதிப்புகளில் எஸ்எம்பி (நெட்வொர்க்கில் கோப்புகளைப் பகிரும் முறை) கையொப்பம் கட்டாயமாகிவிட்டது, பாஸ்வேர்டு இல்லாத கெஸ்ட் அணுகலும் அடைக்கப்பட்டுவிட்டது. பல பழைய என்ஏஎஸ்களும் ரூட்டரில் சொருகிய யூஎஸ்பி வட்டுகளும் இந்த இரண்டில் ஒன்றில் மாட்டும். விண்டோஸ் பக்கம் இந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்த வழி இருக்கிறது, பலரும் அதைத்தான் முதலில் சொல்வார்கள். நான் சொல்வது, என்ஏஎஸ்ஸில் ஒரு யூசரும் பாஸ்வேர்டும் உருவாக்கி, அதன் அமைப்பில் எஸ்எம்பி கையொப்பத்தை இயக்கிப் பாருங்கள். பெரும்பாலும் அதோடு தீர்ந்துவிடும்.

தமிழில் அடிக்க முடியவில்லை

தனி மென்பொருள் எதுவும் தேவையில்லை, தமிழ் 99, அஞ்சல் கீபோர்டுகள் இரண்டும் விண்டோஸிலேயே இருக்கின்றன. செட்டிங்ஸில் டைம் அண்ட் லாங்குவேஜ் போய்த் தமிழைச் சேர்த்து, அதன் ஆப்ஷன்ஸில் உங்களுக்குப் பழக்கமான கீபோர்டைச் சேருங்கள். தமிழைச் சேர்த்ததும் தானாக வரும் கீபோர்டு நீங்கள் நினைத்ததாக இருக்காது, அதை நீக்கிவிட்டால் மாற்றும்போது இடையில் வந்து தொந்தரவு செய்யாது. மாற்றுவதற்கு விண்டோஸ் கீயும் ஸ்பேஸும்.

ரைட் கிளிக்கில் பாதி மெனு இல்லை என்பவர்களுக்கு: ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு ரைட் கிளிக் செய்தால் பழைய முழு மெனு வரும். ஸ்டார்ட் பட்டனை இடப்பக்கம் கொண்டுபோவது டாஸ்க்பாரின் செட்டிங்ஸில் இருக்கிறது.

பிடிக்கவில்லை, பழையதுக்கே போகிறேன்

அப்கிரேடு செய்தவர்களுக்கு 10 நாள் அவகாசம். செட்டிங்ஸில் சிஸ்டம், ரெக்கவரி, கோ பேக். நடுவில் போட்ட மென்பொருள்கள் போய்விடும், கோப்புகள் இருக்கும், இருந்தாலும் பேக்கப் எடுத்துக்கொண்டு செய்யுங்கள். அந்தப் பட்டன் மங்கலாக இருந்தால் விண்டோஸ்.ஓல்டு போய்விட்டது என்று அர்த்தம், இடம் வேண்டும் என்று டிஸ்க் கிளீனப்பில் நீங்களே அழித்திருக்கவும் கூடும். அந்த 10 நாளுக்குள் டிஐஎஸ்எம் கட்டளை மூலம் அவகாசத்தை 60 நாள் வரை நீட்டிக்கலாம், காலம் கடந்த பிறகு நீட்டிக்க முடியாது. வட்டைத் துடைத்துப் புதிதாகப் போட்டவர்களுக்கு இந்த வழியே கிடையாது, விண்டோஸ் 10-ஐ முதலிலிருந்து போட வேண்டும், அதற்கான வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது.